ரெண்டு மாசமா உடம்பு பூரா அரிப்பு, ஆனா தோல்ல ஒண்ணுமே இல்ல. யாரைப் போய் பார்க்கிறது?

ராத்தூக்கம்போச்சு:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 41, பெண். ரெண்டு மாசம் தாண்டிடுச்சு, உடம்பு பூரா ஒரே நமைச்சல். முதல்ல முழங்காலுக்குக் கீழ மட்டும்தான் இருந்துச்சு, சரி தோல் வறண்டிருக்கும்னு விட்டுட்டேன், அப்புறம் தொடை, இடுப்பு, முதுகு, இப்ப கை வரைக்கும் ஏறிடுச்சு. பகல்ல வேலையில இருக்கும்போது அவ்வளவா தெரியல, படுத்து லைட்டை அணைச்சா போதும், யாரோ போர்வைக்குள்ள எறும்பை விட்ட மாதிரி ஆரம்பிச்சிடுது. இதுல வேடிக்கை என்னன்னா தோல்ல பார்க்க ஒண்ணுமே கிடையாது. தடிப்பு இல்ல, கொப்புளம் இல்ல. நான் சொறிஞ்ச நகக்கோடு மட்டும்தான் இருக்கு, கெண்டைக்கால்ல ரெண்டு இடத்துல ரத்தம் வந்து காஞ்சு பொருக்கு தட்டியிருக்கு.

முதுகுக்கு கை எட்டலன்னு பொண்ணோட 30 சென்டிமீட்டர் ஸ்கேலை எடுத்து தலையணைக்கடியில வச்சிருக்கேன். சிரிக்காதீங்க.

ஒரு டாக்டரைப் பார்த்தேன். ரெண்டு நிமிஷம் கூட ஆகல, கையை மட்டும் திருப்பிப் பார்த்துட்டு அலர்ஜின்னு செட்ரிசின் எழுதிக் குடுத்தார். பத்து நாள் போட்டேன், தூக்கம் வந்துச்சு, அரிப்பு போகல. சோப்பு மாத்தியாச்சு, துணி துவைக்கிற பவுடர் மாத்தியாச்சு, பெட்ஷீட்டை எல்லாம் துவைச்சுப் போட்டாச்சு. நெட்ல தேடினா கிட்னிங்குது லிவருங்குது கேன்சருங்குது, படிச்சதுல இன்னும் ரெண்டு மணி நேரம் தூக்கம் போனதுதான் மிச்சம். இதுக்கு மறுபடி டாக்டர்கிட்ட போகணுமா, இல்ல தானா போயிடுமா? போனா எந்த டாக்டர்? யாருக்காவது இப்படி இருந்திருக்கா?


வறண்டகாடு:

அக்கா, ஒரே கேள்வி. குளிக்கிற தண்ணி எவ்வளவு சூடு?

எனக்கும் இதே மாதிரி இருந்துச்சு, அதான் கேக்கறேன். அரிக்கும்போது கொதிக்கக் கொதிக்க தண்ணியை கால்ல ஊத்தினா அப்படியே சொர்க்கம் மாதிரி இருக்கும், ஒரு பத்து நிமிஷம். அதுக்கப்புறம் ரெண்டு மடங்கா வரும். சூட்டுத் தண்ணியும் சோப்பும் சேர்ந்து தோல்ல இருக்கிற எண்ணெய்ப் பசையை எல்லாம் வழிச்சு எடுத்துடுது, தோல் உள்ள ஈரம் நிக்காம காஞ்சு போகுது, வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது, கால்ல நகத்தால லேசா கீறிப் பாருங்க, சாக்பீஸ் கோடு மாதிரி வெள்ளையா விழுந்தா வறட்சிதான். ஸ்கின் டாக்டர் எனக்கு சொன்னது இவ்வளவுதான், வெதுவெதுப்பா தண்ணி, அஞ்சு பத்து நிமிஷத்துல வெளிய வந்துடணும், சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் இங்க மட்டும், மத்த இடத்துக்கு சோப்பே வேணாம். துடைக்கும்போது தேய்க்காம ஒத்தி எடுத்து தோல் ஈரமா இருக்கும்போதே வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், இல்லன்னா சாதா பெட்ரோலியம் ஜெல்லி. லோஷனை விட கெட்டியான க்ரீம் நல்லா நிக்கும். வாசனைக்காக வாங்கிப் பூசினேன் பாருங்க ஒரு லோஷன், அது எரிச்சலைக் கூட்டினதுதான் மிச்சம்.

ரெண்டு வாரத்துல எனக்கு முக்கால்வாசி போயிடுச்சு. ரெண்டு வாரம் ஒழுங்கா செஞ்சும் அசையலன்னா அது வெறும் வறட்சி இல்லன்னு வச்சுக்கலாம்.


பழையவார்டு:

நான் 30 வருஷம் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. டாக்டர் இல்ல, அதனால உனக்கு இதுதான்னு நான் சொல்ல மாட்டேன், என்ன பார்க்கணும்னு மட்டும் சொல்றேன்மா.

முதல் கேள்வி எப்பவும் இதுதான். தடிப்பு முதல்ல வந்து அப்புறம் அரிச்சுதா, இல்ல அரிப்பு வந்து நீ சொறிஞ்சதால தோல் அப்படி ஆச்சா? ரெண்டும் வேற வேற வழி. தடிப்பு முதல்ல வந்ததுன்னா அது தோல் சம்பந்தப்பட்டது, கரப்பானோ (எக்ஸிமா) படர்தாமரையோ சிரங்கோ காணாக்கடியோ, ஸ்கின் டாக்டர் கண்ணால பார்த்தே பாதி சொல்லிடுவார். காணாக்கடின்னா ஒரு தடிப்பு ஒரு இடத்துல 24 மணி நேரம் கூட நிக்காது, இங்க மறைஞ்சு அங்க வரும், அதனால டாக்டர்கிட்ட போகும்போது ஒண்ணும் இருக்காது, போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கணும்.

தோல் நல்லா இருந்து அரிப்பு மட்டும் இருக்குன்னா முதுகை யாரையாவது விட்டு போட்டோ எடுக்கச் சொல்லு. நாங்க வார்டுல பார்க்கிற விஷயம் இது. உள்ளுக்குள்ள காரணம் இருந்து அரிக்கிறவங்களுக்கு கை எட்டுற இடம் பூரா கோடு கோடா இருக்கும், முதுகு நடுவுல கை எட்டாத இடம் மட்டும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரிச்ச மாதிரி சுத்தமா இருக்கும். தோல் நோயா இருந்தா அதுக்கு கை எட்டுதா எட்டலையான்னு என்ன தெரியும், அங்கயும் தடிப்பு இருக்கும். அப்புறம் நகத்தைப் பாரு, ரொம்ப நாள் சொறியிறவங்களுக்கு நகம் பாலிஷ் போட்ட மாதிரி பளபளன்னு ஆயிடும்.

தடிப்பு இல்லாத அரிப்புக்கு தேட வேண்டிய இடம் ரத்தத்துலயும் மாத்திரை டப்பாவுலயும். இரும்புச்சத்து குறைவு, தைராய்டு கூடினாலும் குறைஞ்சாலும், சர்க்கரை, கிட்னி சரியா வேலை செய்யாதது, லிவர்ல பித்தம் வடியாம தேங்கிறது. மாத்திரைன்னா சில பிரஷர் மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை, ஓபியம் வகை வலி மாத்திரை இதெல்லாம் சிலருக்கு அரிப்பு குடுக்கும். கடைசி ஆறு மாசத்துல புதுசா ஏதாவது ஆரம்பிச்சியா? ஆரம்பிச்சிருந்தா நீயா நிறுத்தாதே, டாக்டர்கிட்ட சொல்லு.

தானா போயிடுமான்னு கேட்டே. ஆறு வாரம் தாண்டினாலே அதை நாள்பட்ட அரிப்புன்னுதான் சொல்லுவாங்க, நீ தாண்டிட்டே. தூக்கம் வேற போகுது. ஸ்கின் டாக்டர்கிட்டயோ பொது மருத்துவர்கிட்டயோ போ, அவசரமில்ல, ஆனா இந்த வாரமே. இதோட உடம்பு காரணமில்லாம இளைக்குது, ராத்திரி நைட்டி நனையற அளவு வேர்க்குது, விட்டு விட்டு காய்ச்சல், கழுத்துலயோ அக்குள்லயோ நெறி கட்டியிருக்குன்னா ஒரு வாரம் கூட காத்திருக்காதே. கண்ணு மஞ்சளா இருக்கு, யூரின் கடுந்தேயிலை நிறத்துல போகுது, மோஷன் வெளுத்து போகுதுன்னாலும் அப்படித்தான். உதடு நாக்கு முகம் வீங்குது மூச்சு திணறுதுன்னா எவன்கிட்டயும் கேட்டுட்டு இருக்காம நேரா எமர்ஜென்சி.

கேன்சர்னு படிச்சு பயந்திருக்கே. லிம்போமான்னு நெறிகள்ல வர்ற கேன்சர் மாதிரி சிலதுல அரிப்பு வரும்ங்கிறது உண்மைதான், ஆனா அரிப்புன்னு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது கிடையாது.


ஸ்கேபிஸ்சாமி:

வீட்ல வேற யாருக்காவது அரிக்குதா? ராத்திரி கூடுதுன்னு படிச்சதும் எனக்கு வயித்தைக் கலக்குது, நாங்க பட்ட பாடு அப்படி.

எங்க வீட்ல நாலு பேர். முதல்ல எனக்கு, ஒரு மாசம் கழிச்சு மனைவிக்கு, அப்புறம் பசங்களுக்கு. ஒரு ஆஸ்பத்திரியில எனக்கு ஒரு மருந்து, இன்னொரு இடத்துல மனைவிக்கு வேற மருந்து, நாலு பேரையும் சேர்த்து உட்கார வச்சு பார்க்க ஒருத்தருக்கும் தோணல. மூணாவது இடத்துல ஒரு சின்ன டாக்டரம்மா, வயசு முப்பது கூட இருக்காது, உள்ள போனதும் பேச்சே இல்ல, என் விரல் இடுக்கை விரிச்சு லென்ஸ் வச்சுப் பார்த்தாங்க. பென்சில்ல இழுத்த மாதிரி அரை சென்டிமீட்டர் கூட இல்லாத வளைஞ்ச கோடு ஒண்ணு, அதோட முனையில ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் பூச்சின்னாங்க. சிரங்கு. தோலுக்குள்ள சுரங்கம் தோண்டி முட்டை போடுமாம். முதல் தடவை ஒட்டினா அரிப்பு ஆரம்பிக்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதனால யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. அழுக்கா இருக்கிறவங்களுக்குத்தான் வரும்னு நினைக்காதீங்க, பக்கத்துல படுத்தா போதும் யாருக்கும் வரும்.

5 சதவீத பெர்மெத்ரின் க்ரீம், கழுத்துல இருந்து உள்ளங்கால் வரைக்கும், நகத்துக்கு அடியில கூட விடாம ராத்திரி பூசி காலையில கழுவணும், ஒரு வாரம் கழிச்சு மறுபடி. முக்கியம் என்னன்னா நாலு பேரும் ஒரே ராத்திரி. அரிப்பு இல்லாதவங்களும். துணி பெட்ஷீட் எல்லாம் சூடான தண்ணியில துவைக்கணும், துவைக்க முடியாததை பையில கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வச்சா போதும், உடம்பை விட்டு வெளிய அந்தப் பூச்சி ரெண்டு மூணு நாளுக்கு மேல தாங்காது. மருந்து போட்ட அப்புறமும் ரெண்டு மூணு வாரம் அரிப்பு இருக்கும், பூச்சி சாகலன்னு நினைச்சு திரும்பத் திரும்ப பூசி நான் தோலைப் புண்ணாக்கிக்கிட்டேன், அந்தத் தப்பை செய்யாதீங்க.

விரல் இடுக்கு, மணிக்கட்டு உள்பக்கம், தொப்புளைச் சுத்தி, இடுப்புல துணி கட்டுற இடம். இங்கெல்லாம் நல்ல வெளிச்சத்துல பாருங்க.


ராத்தூக்கம்போச்சு:

இவ்வளவு பேர் பதில் போடுவீங்கன்னு நினைக்கல, நன்றி.

வறண்டகாடு தம்பி, தண்ணி விஷயத்துல மாட்டிக்கிட்டேன். ஆவி பறக்கத்தான் ஊத்துறேன், நீங்க சொன்ன சொர்க்கம் எனக்கும் தெரியும். நகத்தால கீறிப் பார்த்தேன், கால்ல வெள்ளைக் கோடு விழுது, கையில அவ்வளவு இல்ல.

ஸ்கேபிஸ்சாமி சார், வீட்ல மூணு பேர், வேற யாருக்கும் இல்ல, பொண்ணு என் கூடத்தான் படுக்கிறா அவளுக்கும் இல்ல. விரல் இடுக்கெல்லாம் டார்ச் அடிச்சுப் பார்த்தோம், ஒண்ணும் தெரியல.

பழையவார்டு அம்மா, தடிப்பு முதல்ல வரவே இல்ல, அரிப்புதான் முதல்ல. புது மாத்திரை எதுவும் இல்ல. காய்ச்சல் வேர்வை எதுவும் இல்ல, எடை குறையல, குறைஞ்சா சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனா ஒண்ணு, ஆறேழு மாசமா மாடி ஏறினா மூச்சு வாங்குது, முடி கொத்துக் கொத்தா கொட்டுது, வயசாகுதுன்னு விட்டுட்டேன். பீரியட்ஸும் ஒரு வருஷமா ரொம்ப அதிகமா போகுது.

முதுகை பொண்ணு போட்டோ எடுத்தா. வண்ணத்துப்பூச்சி இல்ல, நடுவுலயும் கோடு கோடா இருக்கு. ஆனா நான் ஸ்கேல் வச்சிருக்கேனே!


பழையவார்டு:

ஸ்கேலை நான் மறந்தே போனேன்மா, அப்ப அந்த அடையாளம் உனக்கு செல்லாது.

மூச்சு வாங்குது, முடி கொட்டுது, பீரியட்ஸ் அதிகம்னு இப்பத்தான் சொல்றே, முதல் பதிவுலயே சொல்லியிருக்கணும். இதையெல்லாம் ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போ, ரெண்டு நிமிஷ டாக்டர்கிட்ட வாயால சொன்னா பாதி விட்டுப் போயிடும். ரத்தத்துல முழு எண்ணிக்கை மட்டும் பார்த்துட்டு ஹீமோகுளோபின் சரியா இருக்குன்னு அனுப்பிடுவாங்க, ஃபெரிட்டினும் பார்க்கலாமான்னு நீயே கேளு. அதுதான் உடம்புல சேமிப்புல எவ்வளவு இரும்பு இருக்குன்னு காட்டும், ஹீமோகுளோபின் இறங்குறதுக்கு முன்னாடியே அது காலியாகும். கூட லிவர், கிட்னி, தைராய்டு, சர்க்கரை.


மூணுநாள்க்ரீம்:

இவ்வளவு டெஸ்ட் எல்லாம் எதுக்கு, மெடிக்கல்ல ஒரு க்ரீம் கிடைக்கும், எங்க வீட்ல எல்லாருமே அதான் போடுவோம், மூணு நாள்ல போயிடும், பேரு வேணும்னா சொல்றேன்


தோல்தப்பிச்சவன்:

தயவுசெஞ்சு பேரு சொல்லாதீங்க ப்ரோ. மூணு நாள்ல போற க்ரீம்ல பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். நான் தொடையில படர்தாமரைக்கு அப்படி ஒண்ணு போட்டேன், மூணு நாள்ல போச்சு, அஞ்சாம் நாள் திரும்பி வந்துச்சு, மறுபடி போட்டேன், ஆறு மாசத்துல உள்ளங்கை அளவு இருந்தது இடுப்பு வரைக்கும் பரவிடுச்சு. அரிப்பையும் சிவப்பையும் அது அமுக்கிடும், பூஞ்சை உள்ள ஜாலியா வளரும். அதைவிடக் கொடுமை, படர்தாமரைக்குன்னு இருக்கிற வட்டமே கலைஞ்சு போயி டாக்டருக்கே என்னன்னு தெரியல, சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்ல பார்த்துத்தான் சொன்னாங்க. தோல் மெலிஞ்சு கோடு கோடா விழுந்தது இன்னும் போகல. ஸ்டீராய்டு க்ரீம் கெட்டதுன்னு சொல்லல, கரப்பானுக்கு அதான் மருந்து, ஆனா எதுக்குப் போடறோம்னு தெரிஞ்சு போடணும். அந்த அக்காவுக்கு தோல்ல ஒண்ணுமே இல்லங்கிறாங்க, எதுமேல பூசுவாங்க?


உள்ளங்கை:

இதைப் படிக்கிற மத்தவங்களுக்காக ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். கர்ப்பமா இருக்கிறவங்க, முக்கியமா கடைசி மூணு மாசத்துல, தடிப்பு எதுவும் இல்லாம உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிச்சா அன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்க. எனக்கு ஏழாவது மாசம் முடிஞ்சு வந்துச்சு. பாதத்தை டைல்ஸ் தரையில தேய்ச்சுக்கிட்டே ராத்திரி பூரா நடப்பேன். வயிறு விரியுது அதான் அரிக்குதுன்னு எல்லாரும் சொன்னாங்க, சரி வயிறு அரிச்சா அது சரி, பாதம் எங்க விரியுது? ரத்தத்துல பித்த அமிலம் பார்த்தாங்க, கூடியிருந்துச்சு. லிவர்ல பித்தம் தேங்கிறதாம், அளவு ரொம்பக் கூடிட்டா வயித்துல இருக்கிற குழந்தைக்கு ஆபத்து. அடிக்கடி டெஸ்ட் எடுத்து கொஞ்சம் முன்னாடியே பிரசவம் பண்ணாங்க. பிறந்து சில நாள்ல அரிப்பு போன இடம் தெரியல. பாப்பா நல்லா இருக்கா.

கர்ப்பம் இல்லாதவங்களுக்கும் உள்ளங்கை உள்ளங்கால்ல அதிகம்னா லிவரை ஒரு தடவை பாருங்க, கண்ணு மஞ்சளாகிற வரைக்கும் காத்திருக்க வேணாம், மாசக்கணக்குல முன்னாடியே கூட அரிக்க ஆரம்பிக்கலாம்.


ஐஸ்கட்டி:

ஒரே இடத்துல மட்டும் அரிக்கிறவங்க நரம்பையும் யோசிங்க. எங்க அப்பாவுக்கு ரெண்டு வருஷமா முழங்கைக்குப் பக்கத்துல வெளிப்புறம் மட்டும், வெயில்ல போனா உயிர் போகும், எந்த க்ரீமும் கேட்கல, ஐஸ் வச்சா மட்டும் நிக்கும். ஐஸ் வச்சா நிக்குதுன்னு சொன்னதை வச்சே டாக்டர் கண்டுபிடிச்சார், கழுத்து எலும்புல நரம்பு அழுந்தியிருக்கு. தோள்பட்டை எலும்புக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவுல ஒரு பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு அரிச்சு கறுத்துப் போயிருந்தா அதுவும் இந்த ரகம்தான். செட்ரிசின் இதுக்கெல்லாம் கேட்காது, அலர்ஜியில உடம்பு விடுற ஹிஸ்டமின்கிற பொருளால வர்ற அரிப்புக்குத்தான் அது. நம்ம ஊர்ல எல்லாரும் எல்லா அரிப்புக்கும் அதையேதான் முழுங்குறோம்.

வயசானவங்களுக்கு புதுசா உடம்பு பூரா அரிப்பு வந்தாலும் வறட்சின்னு மட்டும் விடாதீங்க. சிலருக்கு மாசக்கணக்குல வெறும் அரிப்பா இருந்து அப்புறம் பெரிய கொப்புளம் கிளம்பும். தூக்கம் வரவைக்கிற பழைய அலர்ஜி மாத்திரையை அவங்களுக்கு நீங்களா குடுக்காதீங்க, ராத்திரி பாத்ரூம் போக எழுந்து தடுமாறி விழுந்துடுவாங்க.


ராத்தூக்கம்போச்சு:

அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன், பதில் போட்டவங்களுக்கு சொல்லாம இருந்தா நல்லா இருக்காது.

தாளோட போனேன். இந்தத் தடவை வேற டாக்டர், கால்ல இருந்து கழுத்து வரைக்கும் பார்த்தாங்க, கழுத்து அக்குள் எல்லாம் நெறி கட்டியிருக்கான்னு தடவிப் பார்த்தாங்க, வயித்தை அமுக்கிப் பார்த்தாங்க. ஃபெரிட்டின் எடுக்கலாமான்னு கேட்டேன், நானே எழுதறதா இருந்தேன்னாங்க. லிவர், கிட்னி, தைராய்டு, சர்க்கரை எல்லாம் சரி. ஹீமோகுளோபின் 12.1, அதைப் பார்த்து ஒண்ணுமில்லன்னு நினைச்சேன், கீழ பார்த்தா ஃபெரிட்டின் 8. 15-க்குக் கீழ போனாலே சேமிப்பு காலின்னு அர்த்தமாம். இரும்புக் குறைவு மட்டும்தான் காரணம்னு அடிச்சு சொல்ல மாட்டேன், வறட்சியும் சேர்ந்திருக்கு, ரெண்டையும் சரி பண்ணிப் பார்ப்போம், குறையலன்னா மேல தேடுவோம்னு சொன்னாங்க, அப்படி ஒளிக்காம சொன்னதே எனக்குப் பாதி நிம்மதி. இரும்பு ஏன் குறைஞ்சுதுன்னு பார்க்கணும்னு பீரியட்ஸுக்கு லேடி டாக்டர்கிட்ட அனுப்பினாங்க, ஸ்கேன்ல கர்ப்பப்பையில சின்னதா ஒரு கட்டி, ஃபைப்ராய்டு, அதுக்கு மருந்து ஆரம்பிச்சிருக்கு.

தண்ணியை வெதுவெதுப்பாக்கி, நகத்தை ஒட்ட வெட்டி, ராத்திரி கெட்டி க்ரீம் பூசி காட்டன் துணி போட்டுட்டுப் படுக்கிறேன். ரொம்ப அரிச்சா ஈரத்துணியை மேல போட்டு வைக்கிறேன், சொறியிறதுக்கு பதிலா உள்ளங்கையால அமுக்கிப் பிடிக்கிறேன். முதல் ரெண்டு வாரம் ஒண்ணும் தெரியல, மூணாவது வாரத்துல ஒரு நாள் காலையில எழுந்தப்பதான் ராத்திரி முழிக்கவே இல்லன்னு உறைச்சுது. கால் கிட்டத்தட்ட சரியாயிடுச்சு. முதுகு இன்னும் பாக்கி இருக்கு, மூணு மாசம் கழிச்சு ஃபெரிட்டின் திரும்ப எடுக்கணும்.


பழையவார்டு:

நல்லதும்மா. இரும்பு மாத்திரையை அரிப்பு போச்சேன்னு பாதியில நிறுத்திடாதே, சேமிப்பு நிரம்ப மாசக்கணக்கு ஆகும். மோஷன் கறுப்பா போகும், பயப்படாதே.

முதுகு பாக்கின்னா ஸ்கேல் இன்னும் தலையணைக்கடியிலதான் இருக்குன்னு அர்த்தம்.


ராத்தூக்கம்போச்சு:

பொண்ணு ஜியோமெட்ரி டெஸ்ட்னு எடுத்துட்டுப் போயிட்டா. இப்ப சீப்பு.